பலகை கேட்டேன்

மகளே, நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? விபத்து நடந்த அன்றைக்குச் சாரத்தடியில் இருந்தவர்கள் கொத்தனார், சித்தாள் இருவர், மேஸ்திரியான உன் வீட்டுக்காரர், சோறாக்கும் நான். மேலேயிருந்து விழுந்த பெயிண்டர் கால்விரலை ஆட்டினான், என் கண்ணால் பார்த்தேன்.

"நர்ஸம்மா வந்து காட்டினாங்களே, கழுத்து அசையாம பலகையில படுக்கவச்சுத் தூக்குங்கய்யா!" என்று கத்தினேன்.

"அத்தை, நீங்க போய் சோத்தைப் பாருங்க" என்ற உன் வீட்டுக்காரர், அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் நான்தான் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன்; இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "என் கால் எங்க பாட்டி?" என்கிறான். உலை கொதிக்கும்போதும் அதே குரல்தான் கேட்கிறது.

படுக்கைப்புண் வராமல் விரிக்கப் பழைய புடவைகள் அனுப்பு. ஒன்றை மட்டும் துவைக்காதே, உன் வாசனையோடு அது எனக்கு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். மற்றவர்கள் பயந்து நின்றார்கள், போகட்டும். உன் புருஷனை நான் மன்னிக்க மாட்டேன்.