சாணத் தொட்டியில் போன பினாயில்

இன்று ஆஸ்பத்திரியில் மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தபோது வராந்தாவைக் கழுவினார்கள். பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் உம்முடைய நினைவு வந்துவிட்டது. எழுந்து போகலாமென்றால் கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். நாம் இருவரும் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலை பார்த்தோம். ஆய்க்குடியில் ஒரு விவசாயி வீட்டில் சாண எரிவாயுத் தொட்டி கட்டவைத்தீர். சாரல் மாதங்களில் ஈர விறகை ஊதி ஊதி அந்த வீட்டு அம்மாளுக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டீர்.

வெளியூர்த் தொட்டி ஒன்றிலிருந்து பழைய கரைசலை இரண்டு டின்னில் கொண்டுவந்தீர். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் கடையநல்லூரிலேயே இறக்கிவிட, மிச்ச தூரம் நடந்து வந்தீர். நான் சிரித்தேன். "உள்ள இருக்கது அம்புட்டும் உயிரு வே. ஒரு கூட்டம் சாணத்தப் புளிக்க வைக்கும். இன்னொண்ணு அந்தப் புளிப்பத் தின்னு வாயு விடும். ஒண்ண விட்டு ஒண்ணு பிழைக்காது" என்றீர். எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது: "பாலுக்கு உறை குத்துத மாதிரில்லா." நாற்பதாம் நாள் அடுப்பு நீலமாக எரிந்தது.

பிறகு ஜில்லா அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். நீர் வேறு ஊர் வேலையாகப் போயிருந்தீர். தொழுவம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, ஒரு வாரம் தினமும் பினாயில் விட்டுக் கழுவச் சொன்னேன். தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியே தொட்டிக்குத்தான் போகும், உள்ளே இருக்கிற உயிரையெல்லாம் கொன்றுவிடும். அது எனக்கு உறைக்கவில்லை.

நீர் திரும்பி வந்து, அதிகாரி முன்னால் தீக்குச்சி மேல் தீக்குச்சியாகக் கிழித்தீர். அடுப்பு பற்றவில்லை. வெளியே போய்த் தொட்டி வாயருகே குனிந்து மோந்தீர். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தீர். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. கலவையில் தவறு செய்தது தாம்தான் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டீர். அடுத்த மாதமே உம்மைத் தூர ஜில்லாவுக்குத் தூக்கி அடித்தார்கள்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போதும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தொட்டியக் கழுவிட்டு, புது உறை ஊத்தும் வே. அந்த அம்மா பாவம்" என்றீர். தலையாட்டினேன்.

போகவில்லை. முதலில் வெட்கம், பிறகு மழை, பிறகு சோம்பல். மறு வருஷம் ஐந்தருவியில் அந்த அம்மாளைப் பார்த்தேன். முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்த சாரு எப்ப வருவாவ?" என்று கேட்டாள். வருவார் என்றேன்.

நீர் காலமானதாகக் கடிதம் வந்தபோது, உமக்குச் செய்த தீங்குக்காகவே அழுதேன் என்று நினைத்தேன். ஆனால் பினாயில் தெரியாமல் ஊற்றியது. அதை நீர் அன்றே மன்னித்துவிட்டீர். அவளிடம் போகாதது தெரிந்தே செய்தது. அவள் பிறகும் எத்தனை சாரல் காலம் அந்த அடுப்பை ஊதினாளோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.