ஃபிரிட்ஜ் கதவில் அம்மாவின் கையெழுத்து

என் அன்பான, அவசரக்கார அம்மாவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஏற்காடு போட் ஹவுஸ் வாசல் கடையில் நீ வாங்கிய மஞ்சள் வாத்து, ஒன்பது வருடங்களாக நம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தமாக ஒட்டிக்கொண்டு உன் சீட்டுகளைச் சுமந்து வந்த அந்த உத்தம ஜீவன், நேற்றுக் காலை தரையில் விழுந்து, கழுத்து முறிந்து காலமானது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். தலை பின்பக்கமாக ஒட்டிக்கொண்டது. இப்போது சுவரைப் பார்த்தபடி நிற்கிறது, வகுப்பில் என்னை நிற்க வைப்பார்களே, அது மாதிரி.

வாத்து எப்படி விழுந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் கொஞ்சம் என் பெருமையைப் பேசிக்கொள்கிறேன். நீ இருந்தால் விடமாட்டாய்.

பதினொன்றாம் வகுப்பில் இப்போது உன் இங்கிலீஷ்தான் நடக்கிறது அம்மா. கெட் அப், புட் ஆன், ஸ்விட்ச் ஆஃப். ஓட்டலில் ரூம் சுத்தம் செய்யப் போய் நீ கற்றுக்கொண்டு வந்தவை எல்லாம் பாடமாக வந்திருக்கின்றன. வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் வாலாகத் தொங்குவதால், நான் இவற்றுக்கு 'வால் வினை' என்று பெயர் வைத்தேன். வாலுக்கு வால் வினை வராமல் இருக்குமா? வகுப்பிலேயே நான்தான் முதல் மார்க்.

உன் ஓட்டலில் ஷிஃப்ட் மாறும்போது மிச்ச வேலையை ரிஜிஸ்டரில் எழுதி, கீழே 'ஹேண்ட் ஓவர்' என்று போட்டுக் கையெழுத்து வைப்பார்களாம். அடுத்து வருகிறவர் 'டேக் ஓவர்' என்று போட்டுத் தன் கையெழுத்தை வைக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை நீ அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய். நாங்கள் கண் விழிக்கும்போது நீ இருக்கமாட்டாய், சீட்டு இருக்கும். 'கதிர் கெட் அப். பெட் மேக் அப். மோட்டார் ஸ்விட்ச் ஆஃப். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் புட் ஆன். ஹேண்ட் ஓவர், செல்வி.' எல்லாம் தமிழ் எழுத்தில். 'ஆஃப்' எழுதும்போது ஃ-வுக்குப் புள்ளி வைக்கமாட்டாய், மூன்று குட்டி வட்டம் போடுவாய், காப்பிப் பழம் மாதிரி.

ஒருநாள் உன்னைக் கிண்டல் செய்தேனே, நினைவிருக்கிறதா?

"அதென்னம்மா, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு அப்பு, ஒரு ஆஃபு?"

"இங்கிலீஷ்ல எந்த வேலையையும் தனியா அனுப்ப மாட்டாங்க கண்ணு. நாங்க ரூமுக்கு ரெண்டு ரெண்டு பேராப் போறோமில்ல, ஒருத்தி பெட்டுக்கு, ஒருத்தி பாத்ரூமுக்கு? அந்த மாதிரி. கூடப் போற ஆளு மாறுனா வேலையே மாறிப்போயிரும். புட் ஆன்னா ஸ்வெட்டரப் போடோணும். புட் அவேன்னா மடிச்சு வெக்கோணும். புட் ஆஃப்னா உன்னாட்டம், நாளைக்கு நாளைக்குன்னு இழுக்கோணும்."

டீச்சர் அதே புட் ஆஃபுக்குப் போன வாரம் வாக்கியம் கேட்டார். "கதிர் சார், எந்திரிங்க. நீங்கதான் பெரிய ஆளாச்சே." வகுப்பு சிரித்தது. சிரிக்க வைக்கத்தான் நானும் எழுந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. "எங்கப்பா எங்கம்மா சேலைகளை யாருக்காச்சும் குடுக்குறத புட் ஆஃப் பண்ணிட்டே இருக்காருங்க டீச்சர்." அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. "உக்காரு சாமி" என்று மட்டும் சொன்னார்.

சரி, பெருமைக்கு வருகிறேன்.

நீ சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போன பிறகு, உன் கடைக்குட்டி நித்யா பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா கெஞ்சினார். பக்கத்து வீட்டு மணி அக்கா முறுக்கு கொடுத்துப் பார்த்தார். தலை சீவக்கூட விடவில்லை. தலைக்கு மேலே வாத்து மட்டும் காலியாக நின்றது, சீட்டு இல்லாமல்.

பதினோராம் நாள் சீட்டு வந்தது. 'நித்யா கெட் அப். டிபன் ஈட் அப். ஷூ புட் ஆன். லைட் ஸ்விட்ச் ஆஃப். ஹேண்ட் ஓவர், செல்வி.' ஃ வரும் இடத்தில் மூன்று வட்டம்.

யார் எழுதியது என்கிறாய்? ரேங்க் கார்டில் உன் கையெழுத்தை மூன்று முறை போட்டவன் யார்? ஒரு முறை மாட்டியதை விடு.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்பவே ஒரு கட்டு எழுதிக் குடுத்துச்சு. தினம் ஒன்னுதான் ஒட்டோணும்னு சொல்லுச்சு" என்று நித்யாவிடம் சொன்னேன். அவள் சீட்டை வெகுநேரம் பார்த்தாள். எழுந்தாள். பல் தேய்த்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால், சீட்டின் அடியில் பென்சிலில் 'டேக் ஓவர், நித்யா'.

அன்றிலிருந்து முந்தாநாள் வரை ஒரு நாள் தவறவில்லை அம்மா. ஒரே ஒரு முறை சந்தேகப்பட்டாள். 'குடை டேக் அலாங்' என்று எழுதியிருந்தேன்.

"இன்னிக்கு மழை வரும்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"ஏற்காட்டுல என்னைக்கு மழ வரல?"

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னை ஏமாற்ற ஒருவரும் பிறக்கவில்லை, நான் ஏமாற்ற ஊரே பிறந்திருக்கிறது என்று அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

முந்தாநாள் எனக்குக் காய்ச்சல். சீட்டு எழுதாமல் தூங்கிப்போனேன். நேற்றுக் காலை அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி வைத்து மூடிவிட்டு, செம்மநத்தம் சவாரிக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். அரைத்தூக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். நான் எழுந்து சமையலறைக்குப் போனபோது நித்யா பள்ளி வேனில் போயிருந்தாள். தரையில் வாத்து, தலை வேறு உடல் வேறாக. பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. வாத்துக்குப் பதிலாக நாலு மூலையிலும் உன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

'கதிர் இன்னிக்கு கெட் அப் வேணாம். கஞ்சி ஈட் அப். மாத்திரை போடு. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ஹேண்ட் ஓவர், செல்வி.'

ஃ-வுக்கு மூன்று வட்டம்.

சாயங்காலம் அவள் பையை இறக்கும் முன்பே கேட்டேன். "ஏது இந்தச் சீட்டு?"

"அம்மா உனக்கும் எழுதி வெச்சிருந்துச்சு. எம் பென்சில் டப்பாவுல இருந்துச்சு." கண் சிமிட்டாமல் சொன்னாள் அம்மா. எனக்கே பெருமையாக இருந்தது.

"பொய் சொல்றவங்க மூக்கு நீளமாயிரும்."

"உன்னுது நீளமாகல?"

எப்போது கண்டுபிடித்தாய் என்றேன். "மொத நாளே. அம்மா என்னைய நித்யான்னு எழுதாது. பாப்பான்னுதான் எழுதும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவியே." பையை இறக்கி வைத்துவிட்டு, "வாத்து தெரியாம விழுந்துருச்சு. அப்பாகிட்ட நீ உடைச்சேன்னு சொல்லு. உன்னையத் திட்டுனாப் பரவால்லை."

இத்தனை மாதமும் நான் அவளைத் தூக்கி நிறுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் 'டேக் ஓவர்' போட்டு அவள் எதைத் தூக்கிக்கொண்டிருந்தாள்?

இன்று காலை சீட்டு எழுதினேன், என் கோணல் கையெழுத்திலேயே. 'பாப்பா கெட் அப்' என்று தொடங்கி, 'ஹேண்ட் ஓவர், கதிர்' என்று முடித்தேன். இனி உன் கையெழுத்தைத் தொடமாட்டேன், ரேங்க் கார்டிலும். அவளை எந்தக் காலையிலும் தனியாக அனுப்பமாட்டேன். அவள் எழுதிய சீட்டின் அடியிலும் 'டேக் ஓவர்' போட்டுவிட்டேன். பொட்டுகளை எடுக்கவில்லை.

நித்யாவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ சிரிக்கக்கூடாது. ஊரை ஏமாற்றுகிறவன், அந்தக் கையெழுத்தின் சூட்சுமம் அத்தனையும் தெரிந்தவன், நேற்று அந்தச் சீட்டையும் பொட்டையும் பார்த்ததும் நம்பிவிட்டேன் அம்மா. காய்ச்சலால் என்று சொல்லலாம். அதனால் இல்லை. பின்கதவைத் திறந்து, துணிக்கொடிப் பக்கம் ஓடி, "அம்மா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பனியில் கொடிகூடத் தெரியவில்லை. மணி அக்காதான் எட்டிப் பார்த்தார். "என்ன சாமி?"

"ஒன்னுமில்லீங்க்கா. வாத்து செத்துப்போச்சுங்க."

இப்படிக்கு,
உன் மூத்த வாலு, பாப்பாவின் அண்ணன்,
கதிர்