பழம் நசுங்காமல் இறங்கக் கூடாது

அண்ணே,

இன்று காலையில் ஷெட்டில் லாரிகளுக்கு ஆயுத பூஜை போட்டோம். டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி, அந்தப் புளிப்பு வாடை குப்பென்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு என்ன ஆச்சு என்று டிரைவர்கள் முழித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

நான் மருமகளாகத் திண்டுக்கல் வந்தபோது மாமாவிடம் இருந்தது ஒரே லாரி, அதை ஓட்டியது நீங்கள். அந்த வண்டியில் இல்லாத கோளாறு கிடையாது. நீங்கள் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, மாமா ஈஸி சேரில் சாய்ந்தபடியே தீர்ப்பு சொல்வார்.

"மொதலாளி, வைப்பர் ஓடல."

"கண்ணாடியில பொகையிலையத் தேயி. மழைத்தண்ணி வழுக்கிட்டு ஓடிரும்."

"ஸ்டியரிங் ஆடுது."

"ரோடே ஆடுது, அது என்னப்பா செய்யும்?"

"பிரேக்கு மூணு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது."

"பிடிக்குதுல்ல? அப்புறம் என்ன? சும்மா சும்மா பிடிச்சா டயரு தேயுமா தேயாதா?"

மாமாவைக் கஞ்சன் என்றும் சொல்ல முடியாது. ஹாரன் கெட்டால் அன்றைக்கே புதுசு வந்துவிடும். ஹாரன் ஊருக்கே கேட்குமே! பிரேக் யார் காதில் விழுகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் புது மருமகள் வாயைத் திறக்க முடியுமா? நீங்களோ சிறுமலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த மூன்று மிதியை நம்பி இறங்கிக்கொண்டிருந்தீர்கள். வண்டி தாமதமானால் உங்கள் வீட்டிலிருந்து மதினி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "சும்மாதான் வந்தேன் தாயி, செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்பார். ஹாரன் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து போவார்.

அதற்கு அடுத்த வருடத்து ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? குடும்பமே லாரியில் ஏறிக்கொள்ள, வண்டி நாலு பழத்தை நசுக்கிவிட்டு வடமதுரை வரை போய் வர வேண்டும். ஏறியவர் யாரும் பழம் நசுங்காமல் இறங்கக் கூடாது, இறங்கினால் வருடம் முழுக்க வண்டிக்கு ஆகாது. இது மாமா போட்ட சட்டம். கேபினில் மாமா, அத்தை, மடியில் கைக்குழந்தையோடு நான். பின்னால் பாதித் தெரு. நீங்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, சாவியில் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்.

"மொதலாளி, பிரேக்கு இப்ப மூணு மிதிக்கும் பிடிக்கல. நேத்தே சொன்னேன், பாத்துக்கலாம்னீங்க. நாளைக்கழிச்சு மலைக்கு லோடு வேற இருக்கு. இப்ப எடுக்கவா?"

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "ஏலே, வீட்டு ஆளுக இருக்காகடா!"

"நெதமும் இதுல ஒரு வீட்டு ஆளு இருக்கான் மொதலாளி."

"நான் இறங்குறேன்" என்று அத்தை எழுந்தார். "பழம் நசுங்காம இறங்கக் கூடாது!" என்று மாமா கத்தினார். "அப்ப வண்டிய எடுக்கச் சொல்லுங்க." "எடுத்துராதடா!"

எதிர்ப் பட்டறை மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். "ஸ்பானர் அம்புட்டும் சாமிகிட்ட இருக்கு. நாளைக்குத்தான் எடுப்பேன்" என்றார். "சாமி ஒண்ணும் சொல்லாதுப்பா" என்று மாமா கெஞ்சினார். "அதக் கீழ இறங்கி வந்து சொல்லுங்கண்ணே!" என்றார் அவர்.

மாமா எப்படி இறங்குவார்? வெயில் ஏறியது. பிள்ளை வீறிட்டது. தெருக்காரர்கள் நமக்குப் பொரிகடலையை மேலே எட்டிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் அத்தைதான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நின்னு பாக்குறீகளே, வந்து தள்ளுங்கப்பா!" என்று அதட்டினார். பத்துப் பேர் தள்ளினார்கள். பழம் நசுங்கியதும் இரண்டு பேர் ஓடிவந்து முன் டயரில் கல்லைப் போட்டார்கள். பெண்டு பிள்ளைகளையெல்லாம் தாண்டி முதலில் குதித்தவர் மாமா. அன்றைக்கு வடமதுரை யாத்திரை அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. சாமியிடமிருந்து எடுத்த ஸ்பானரின் முதல் வேலை நம் பிரேக்தான். அடுத்த நாள் நீங்கள் ஒரே மிதியில் நிற்கிற வண்டியோடு மலையேறினீர்கள். மாமா மார்க்கெட் முழுக்க, "நல்ல நாளாப் பாத்துப் பிரேக்கு மாத்திட்டேன். டிரைவர் உசுரு முக்கியம்ல?" என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தார். நீங்களும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினீர்களே, அந்தக் குசும்பு யாருக்கு வரும்?

போன மாதம் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "லாரிக்காரன் பொண்டாட்டி தாயி நான். எம் புருசன் வீட்டுக் கட்டில்ல செத்தாரு. இது எம்புட்டுப் பெரிய கொடுப்பினை தெரியுமா?" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த நான் அங்கேதான் உடைந்து அழுதேன்.

மாமாவுக்குப் பிறகு லாரிகள் என் பொறுப்பு. "அக்கா, பிரேக்கு லேசா..." என்று எந்த டிரைவராவது இழுத்தால், நான் கேபினில் ஏறி உட்கார்ந்து, "எடு, ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்" என்கிறேன். என்னை வைத்து ஓட்டப் பயந்து, "இறங்குங்கக்கா, நெசமாவே பிடிக்கல" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். இறங்கியதும் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறேன். கிறுக்கச்சி என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அவர்கள் வீட்டிலும் கட்டில் இருக்கிறதே, அண்ணே.