மீதமுள்ள மூன்று சக்கரங்களை என் கையால் கழற்ற அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்:
பழைய நீல பிக்கப் வண்டியின் உரிமையாளர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, வெளிப்பக்கம் மாடிப்படி உள்ள வீடு.

பெறுநர்:
வாகன ஆய்வு அதிகாரி அவர்கள்,
பிடிபட்ட வாகனங்கள் நிறுத்துமிட அலுவலகம்.

பொருள்: என் பிக்கப்பின் இடது பின் சக்கரத்தை எனக்குச் சொல்லாமல் கழற்றியது பற்றிய புகாரும், மற்ற மூன்றைப் பற்றிய வேண்டுகோளும்.

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் மேசையை என் பக்கம் இழுத்துப் போட்டார். வேண்டாம், எனக்கு எழுத வரும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் இப்போதுதான் எழுத்து வந்திருக்கிறது. எழுதவேண்டிய சங்கதி துக்கமானது. ஆனாலும் ஒரு வரி நேராக வந்துவிட்டால் சந்தோஷமாக இருக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. நான் நாற்றுப் பண்ணையிலிருந்து பூந்தொட்டிகளையும் மரக்கன்றுகளையும் வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குபவன். பண்ணைக்குள் எப்போதும் தண்ணீர் பாய்வதால் மண் சேறாகவே இருக்கும். என் வண்டியின் டயர்கள் ஒல்லியானவை. பாரம் ஏற்றியதும் புதைந்துவிடும். பின்னால் நின்று தள்ளி, தள்ளி, முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வருவேன்.

3. என் மகள் டயர் கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கடையில் சக்கரம் மாட்டுகிற ஒரே பெண் அவள்தான். நான் சேற்றோடு வருவதைப் பார்த்து ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி உங்களைச் சுமக்குதா, நீங்க வண்டியைச் சுமக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள். உடைப்புக்குப் போன ஒரு ஜீப்பிலிருந்து அகலமான ரிம் நான்கும் டயர் நான்கும் வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து மாட்டினாள். ஸ்டியரிங்கை ஒடித்தால் முன் டயர் உள்ளே உரசியது. மட்கார்டின் ஓரத்தைச் சுத்தியலால் மடக்கி அதைச் சரிசெய்தாள். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முறுக்கினாள். கடைசி முறுக்குக்கு ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தாள். என் மனைவி மாடிப்படியில் நின்று, போதுமடி, வண்டிக்கு வலிக்கப் போகிறது என்றாள்.

4. பண்ணையில் எல்லோரும் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். காலை அகட்டி நடப்பதுபோல இருந்ததால் அதற்கு வாத்து என்று பெயர் வைத்தார்கள். ஆனால் வாத்து அன்று சேற்றில் ஏறியது, இறங்கியது, எங்கும் நிற்கவில்லை. நான் காலில் மண் படாமல் வீட்டுக்கு வந்தேன்.

5. டயர் வண்டியின் உடம்பைவிட்டு நான்கு விரல் வெளியே தெரிகிறது என்பது உங்கள் குற்றச்சாட்டு. அது உண்மை. பின்னால் வருபவர்மேல் கல் தெறிக்கும் என்று அவளுக்கும் தெரியும். மட்கார்டின் மேல் ரப்பர் பட்டை வைத்தாள். முன் வலது பக்கம் மட்டும்தான் வைத்து முடித்தாள். மற்றவை அடுத்த வாரம் என்றாள்.

6. புதிதாக ரிம் மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கவேண்டும். ஓடும்போது ரிம் தன் இடத்தில் அமர்வதால் முறுக்கு கொஞ்சம் தளரும். இது டயர் கடைகளின் வழக்கம். அவள் தூரம் காட்டும் சின்ன மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, "ஐம்பது ஆனதும் நேரா என்கிட்ட வாங்கப்பா. வேற யாரையும் தொட விடாதீங்க" என்றாள்.

7. அந்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாள். அது மூளைக்கு ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். இந்த வண்டியில்தான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கண்ணை மூடிக் கதவில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பாலத்தின் மேல் போகும்போது, "சத்தம் எதுவும் வரலையேப்பா?" என்று கேட்டாள். சக்கரத்தைக் கேட்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. வரவில்லை என்றேன்.

8. திரும்பி வரும்போது அவள் வண்டியில் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தினேன். மீட்டர் நாற்பத்தாறு காட்டியது.

9. அதற்குப் பிறகு நான் வண்டியை எடுக்கவில்லை. எடுத்தால் ஐம்பது ஆகிவிடும். ஆனதும் யாரிடம் போவேன்? கடைக்காரர் தானே வந்து முறுக்கித் தருவதாகச் சொன்னார், நல்ல மனிதர். தொட விடவில்லை. மாலையில் என் மனைவி இறங்கி வந்து வண்டிக்குள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பாள். தெருவில் ஒரே இடத்தில் வண்டி கிடந்தது மற்றவர்களுக்கு இடைஞ்சல்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

10. உங்கள் ஊழியர் கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டியபோது எனக்குச் சரியாகப் படிக்க வராது. அதுவரை வீட்டுக்கு வருகிற காகிதம் எல்லாவற்றையும் மகள்தான் படித்துச் சொல்வாள். இனி யார் என்று நூலகத்தின் மாலை வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அறிவிப்பை யாரிடமும் காட்டவில்லை. நானே படித்துவிடவேண்டும் என்று ஓர் ஆசை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சில சொற்கள் படிப்பேன். தெரிந்த எழுத்து வந்தால் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். 'அகற்றப்படும்' என்ற சொல்லுக்கு நான் வந்து சேர்ந்த அன்று மதியம் வண்டியை அகற்றிவிட்டார்கள்.

11. வண்டியைப் பிடித்ததில் எனக்குப் புகார் இல்லை. புகார் இதுதான். உங்கள் நிறுத்துமிடத்தில், யாரும் ஓட்டிப் போய்விடாதபடி ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சக்கரத்தைக் கழற்றிவைப்பது வழக்கமாம். நான் தேடி வருவதற்குள் இடது பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். காற்றில் ஓடும் மெஷினை வைத்தால் ஒரு நட்டு ஒரு நொடியில் வந்துவிடும். நட்டுகளை மற்ற வண்டிகளின் நட்டுகள் கிடக்கும் வாளியில் போட்டிருந்தார்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெளியே நீளும் டயர் சட்டப்படி கூடாது, அதனால் மற்ற மூன்றையும் வருகிற திங்கட்கிழமை கழற்றிவிடுவோம் என்றார்கள்.

12. நான் கழற்றுகிறேன் என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, எப்படியும் கழட்டத்தானே போறோம். நீங்க கழட்டினா என்ன, நாங்க கழட்டினா என்ன?" என்றார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எழுதிக் கேளுங்கள் என்றாள். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

13. ஐயா, அவள் இந்த உலகத்தில் செய்து முடித்த கடைசி வேலை அந்த முறுக்குதான். மீதி மூன்று சக்கரங்களில் அதன்மேல் இன்னும் வேறு கை படவில்லை. சட்டப்படி அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பெற்றவன் கழற்றுகிறேன். இதுதான் காவலாளிக்கு நான் சொல்ல நினைத்த பதில்.

14. சக்கரங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. அகல டயர்களை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பழைய ஒல்லிச் சக்கரங்கள் மாடிப்படிக்குக் கீழே சாக்குப்போட்டு மூடியிருக்கின்றன. கொண்டுவந்து நானே மாட்டிவிடுகிறேன். ஜாக்கியும் ஸ்பேனரும் என்னுடையவையே. நிழல் வேண்டாம், உதவிக்கு ஆள் வேண்டாம். மெஷினை மட்டும் வைக்காதீர்கள்.

15. இன்னும் ஒன்று. திங்கட்கிழமை ஒரே நாளில் முடித்துவிடுவேன் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. என் கைக்கு இப்போது வலு குறைவு. என் மகள் மிகவும் அழுத்தமாக முறுக்குபவள். அன்று முடியாமல் போனால், மறுநாளும் என்னை உள்ளே விடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வீடு, மாடிப்படி.
தேதி: திங்கட்கிழமை தொடங்கி, வெள்ளிக்கிழமை எழுதி முடித்தது.

இப்படிக்குப் பணிவுடன்,
சக்கரம் மாட்டியவளின் அப்பா
(கீழே இருப்பது கைரேகை அல்ல, என் கையெழுத்து)