கல்லில் இருந்த பச்சை

ஏப்ரல் 9

இருபதாம் நாள். ஆய்வுக்காக சசிகலா மேடம் கல்லூரியிலிருந்து கொடுத்தனுப்பிய டாம்சல் என்ற கடல்மீன் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீரில் நன்றாக இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். தன் கல்லில் பாசித் தோட்டமே வைத்திருக்கிறது. ஆகாத பாசியை வாயால் பிடுங்கி, தூரம் போய்த் துப்புகிறது. நத்தை வந்தால் முட்டித் தள்ளுகிறது. உள்ளே கை விட்டால் என்னையும் கடிக்கிறது.

அப்பா தக்காளித் தோட்டத்திலிருந்து வந்து குந்திப் பார்த்தார். "இதப் பாத்தாவது உங்கம்மா களை புடுங்கக் கத்துக்கட்டும்."

"நீங்க மொதல்ல வரப்புல ஒக்காந்து பீடி குடிக்கறத வுடுங்க" என்றாள் அம்மா.

அது செய்வதை நாற்பத்தைந்து நாள் விடாமல் குறித்தால் தூத்துக்குடி கடல் ஆய்வுக்கு என் பெயரை அனுப்புவதாக மேடம் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் கடலையே பார்த்ததில்லை.

ஏப்ரல் 13

குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போகும் முன்பே குறித்துவிட்டேன். பிடுங்கியது அறுபது தடவை.

ஏப்ரல் 19

நாளை ஈஸ்டர். பாட்டுப் பயிற்சி முடிந்து வந்தால் வீடு முழுக்கக் கழுவியிருந்தது. சன்னல் கம்பி, மாதா சுரூபம், எல்லாம். தொட்டியில் கல் வெள்ளையாக இருந்தது.

"பாவம், அது ஒண்டியா பாசி புடுங்கிக்கிட்டுக் கெடந்துது. நானே சோப்புத்தூள் போட்டு நார்ல மொத்தமா தேச்சி வுட்டுட்டேன். உன் மீனுக்கும் பண்டிகதான?" என்றாள் அம்மா. அவள் விரல்களெல்லாம் ஊறிப்போயிருந்தன.

"நல்லா இருக்குதும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது அதோட சோறு, அதோட வூடுன்னு ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே...

தண்ணீர் மாற்றினேன். கல்மேல் நத்தை ஏறியது. மீன் துரத்தவில்லை.

ஏப்ரல் 20

செத்துப்போச்சு.

கோயிலில் எல்லாரும் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22

மேடத்துக்குப் போன் செய்தேன். "எப்படிம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அம்மா சோப்பு போட்டுக் கழுவிட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பினால், அம்மா. காய்ந்த துணியோடு நிற்கிறாள்.

கரண்ட் போயி காத்து மோட்டார் நின்னுடுச்சுன்னு சொல்லியிருந்தா என்ன? வாயே தொறக்காதவ இன்னிக்கி மட்டும் ஏன் தொறந்தேன்?

மே 2

தூத்துக்குடிக்கு கோகிலவாணி போகிறாளாம். என் வகுப்புதான். வாழ்த்து அனுப்பினேன்.

மே 24

ஒரு வாரமாக மழை. துவைக்கிற கல்லெல்லாம் பச்சை. அப்பா வழுக்கி விழப் பார்த்தார்.

"ஏண்டி அருளு, இதத் தேச்சி வுட்டா என்ன?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"இருக்கட்டும். அது யாருதோ என்னவோ."