இரண்டு புள்ளி ஒன்று

ராயப்பேட்டை,
சென்னை.

மெஹக் அத்தாவுக்கு ஷம்ஷாத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் மெஹக்கும் நலம். நீங்களும் நலம் என்றுதான் போனில் சொல்கிறீர்கள். அதை இனி நான் நம்புவதாக இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே சைட்டில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி ஃபராஸ் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். துபாயில் உங்கள் ரூமிலேயே இருக்கிற பிள்ளை, லீவில் வந்ததும் நம் வீட்டுக்கு வந்து, நீங்கள் வாங்கிவரச் சொன்ன வலி மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இத்தனை அட்டை எதற்கு என்றேன். அண்ணன் முதுகுவலிக்குத் தினமும் போடுறாரு அக்கா, கம்பெனி டெஸ்டில் கிட்னி சரியில்லைன்னு வந்தும் நிறுத்தலை என்று சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

நான் கேட்ட பிறகுதான் ரிப்போர்ட்டை அனுப்பினீர்கள். கிரியேட்டினின் 2.1. இருக்கவேண்டியது 1.3, முழுசாக ஒன்றுகூட ஏறவில்லை, இதற்குப் போய் அழாதே என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் அழவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடையாறில் கிட்னி டாக்டர் ஸ்ரீரஞ்சனியிடம் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கிரியேட்டினின் என்பது நம் சதையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. கிட்னிதான் அதை வடிகட்டி வெளியே தள்ளவேண்டும். தள்ள முடியாதபோது ரத்தத்திலேயே தங்கிவிடும். கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்கிறீர்களே, பலருக்குக் கிட்னி பாதி வேலையை இழந்த பிறகுதான் இந்த எண்ணே ஏறிக் காட்டுமாம். உங்கள் வயதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, வடிகட்டும் அளவு முப்பத்தெட்டு என்றார். அறுபதுக்குக் கீழே போனாலே கவனிக்கவேண்டுமாம். முப்பத்தெட்டா என்று திரும்பவும் கேட்டேன்.

ஆனால் ஒரே டெஸ்டை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்றும் சொன்னார். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பதும் அந்த மாத்திரையும் சேர்ந்து ஏற்றியிருக்கலாம். அப்படியானால் இறங்கவும் வழி உண்டு. மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும், பிரஷர், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்க்கவேண்டும். போனில் வந்த ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்க முடியாதும்மா, ஆளைக் கூட்டிட்டு வாங்க என்றார். அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்தவேண்டும். ஃபராஸ் பையில் தேடாதீர்கள், நான் வாங்கவிடவில்லை. கருவாடும் கொடுக்கவில்லை, உப்பு ஆகாது.

மெஹக் நிக்காஹ் முடியட்டும், பிறகு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்பீர்கள். அதனால் உங்களைக் கேட்காமலே ஆதம்பாக்கத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். சம்பந்தம் முறிந்தாலும் முறியட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா ஜைதூன் பீயிடம் ஒளிக்காமல் சொன்னேன்.  அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரு நல்லபடியா வந்து சபையில உட்காரட்டும், அதுவரைக்கும் நாங்க எங்கயும் ஓடிப்போக மாட்டோம் என்றார்கள்.

அத்தாவுக்கு வைத்தியம் ஆரம்பிக்காமல் மருதாணி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மெஹக்கும் சொல்லிவிட்டாள். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாண்டி பஜார் கடைக்கு நான் தைக்கிற ஜாக்கெட்டுக்கு ஆர்டர் கூடியிருக்கிறது, இன்னொரு மெஷின் போட்டிருக்கிறேன். லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. டாக்டரிடம் போன அன்றைக்கே என் ரத்தத்தையும் டெஸ்டுக்குக் கொடுத்தேன். எனக்குக் கிரியேட்டினின் 0.7. உங்களுக்கு எதற்கும்மா இந்த டெஸ்ட் என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கிட்னி இரண்டு இருக்கிறதே என்றேன். அதெல்லாம் வெகுதூரம், இப்போதே வந்தால் அந்தப் பேச்சுக்கே தேவையில்லாமல் போகலாம் என்றார். தேவைப்பட்டால் என்ன செய்வேன் என்று நான் முடிவு செய்தாகிவிட்டது. வருவது மட்டும்தான் உங்கள் வேலை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அதை எங்களோடு இருந்து கழிக்கும் எண்ணத்தையும் தரட்டும்.

உங்கள்
ஷம்ஷாத்