கறுப்புத் தாளை முன்னால் கட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுத என் விலா எலும்பு சம்மதிக்கவில்லை. நீ அங்கே இரண்டு கண்ணோடும் நல்லபடியாக இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உன் சித்தப்பா உனக்குப் போன் செய்து அழுதானாம். நீயும் உடனே அம்மாவிடம், அப்பா ஏம்மா ரவுடி மாதிரி நடந்துக்கிட்டாரு என்று கேட்டாயாம். என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. இருக்கட்டும், இந்தக் குடும்பத்தில் என் சொல் என்றைக்கு அம்பலம் ஏறியது? கிரகணத்தன்று மொட்டைமாடியில் முக்காலி வைத்து அவன் பைனாகுலரை நிறுத்தினோம். சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும் கறுப்புத் தாளை அதன் முன்வாய் இரண்டுக்கும் நானே இறுக்கிக் கட்டினேன். பின்னால் கண் வைக்கும் இடத்தில் அவன் தன் புதுப் போனைப் பொருத்தினான். திரையில் வெட்டிய நகம் போல ஆரஞ்சு நிறத்தில் சூரியன் அழகாகத்தான் விழுந்தது. அவனுக்குப் போதவில்லை, போன் கடை வைத்திருக்கிற பெருமை. இருட்டா இருக்கேண்ணே, பாதுகாப்பு கேமராவுக்குத்தானே வேணும் என்று தாளைப் பிய்த்துப் பின்னால் கொண்டுபோய்ப் போனின் கேமரா மேல் ஒட்டினான். டேய், வெயில் மொத்தமும் அங்கதான்டா குவியும், தாள் பொசுங்கிடும் என்றேன். வாத்தியார் ஆரம்பிச்சுட்டாரு, யாராவது மணி அடிங்கப்பா என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மாவும்தான். வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டு வருகிறேன்.

பொசுங்கிய வாடை வந்தது, திரை வெளுத்துப் போன் செத்தது. அந்த மடையன் போனைக் கழற்றிவிட்டு, என்னாச்சுன்னு பாப்போம் என்று வெறும் பைனாகுலரில் கண்ணை வைக்கக் குனிந்தான். கத்தினால் கேட்கிற ஆளா அவன்? முகத்தில் குத்தினேன். முன்பல் இரண்டு தெறித்தன, முக்காலி சரிந்து பைனாகுலர் நொறுங்கியது, காயப்போட்டிருந்த படுக்கைவிரிப்பெல்லாம் ரத்தம். அவன் எழுந்து முக்காலியாலேயே என் விலாவில் விளாசினான். நான் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து மறுபடியும் குத்தினேன். ஏங்க, செத்துடுவாருங்க என்று உன் அம்மா என் கையைக் கடித்த பிறகுதான் விட்டேன். முதல் குத்து அவன் கண்ணுக்காக. அடுத்தது எனக்காக, அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

கண் டாக்டர் சோதித்துவிட்டு இரண்டு கண்ணும் சுத்தமாக இருப்பதாகச் சொன்னாராம். பாத்தீங்களா, கண்ணுக்கு ஒண்ணுமே ஆகல, அண்ணன்காரன் பொறாமையில அடிச்சுட்டான் என்று அதையே சொந்தக்காரர்களிடம் சாட்சியாகக் காட்டித் திரிகிறான். நான் காப்பாற்றிய கண்ணே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

உங்கள் ஊரில் இன்னும் ஆறு மாதத்தில் கிரகணம் என்று அதே மாதிரி பைனாகுலர் ஒன்றை உனக்கும் அவன் அனுப்பியிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளில் ஊசிமுனை ஓட்டையாவது கீறலாவது இருக்கிறதா என்று முதலில் விளக்கில் பிடித்துப் பார். இருந்தால் தூக்கிப் போடு. முன்வாய் இரண்டிலும் கட்டு, காற்றுக்குப் பறக்காமல் சுற்றி ஒட்டு. திரையை மட்டும் பார். இருட்டாக வந்தால் வரட்டும், அந்த இருட்டுப் படத்தையே எனக்கு அனுப்பு. என்மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், இந்த ஒன்றில் மட்டும் சித்தப்பா பேச்சைக் கேட்காதே. நீ குனியும்போது முகத்தில் குத்த நான் அங்கே இல்லை.

கண்ணும் கருத்துமாக நீடூழி வாழ்க.

உன் அப்பா